தோட்டத்து இளைஞரும் சொல்லிசையும்

சொல்லிசையை இலக்கிய வகுப்பின் வாசலிலேயே நிறுத்திவிடும் தமிழாசிரியர் நம்மிடையே பலர். மேலைநாட்டுக் கூச்சல் என்பது அவர்தம் தீர்ப்பு. ஆயினும் சுங்கை பட்டாணி, கூலிம், லுனாஸ் வட்டாரங்களில் வெண்பாவை மனனம் செய்யத் தயங்கும் மாணவனும் சொல்லிசைப் பாட்டினை அடி பிறழாது ஒப்புவிக்கின்றான். ஆதலின், இகழ்வதற்கு முன் ஆராய்தல் நம் கடனாகும். அதற்கு யோகி பி என்னும் மலேசியக் கலைஞரின் வளர்ச்சி தக்கதொரு சான்று.

இக்கலை 1973ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வேர்கொண்டது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய டிஜே கூல் ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு பாட்டின் தாளப் பகுதியை மட்டும் நீட்டித்தார். அத்தாளத்தின் மீது பேச்சு ஏறியது. கருவி வாங்க வழியற்ற இளைஞருக்குப் பழைய இசைத்தட்டே கருவியாயிற்று.

யோகி பி முதலில் 'போயட்டிக் அம்மோ' குழுவில் ஆங்கிலத்தில் பாடிப் புகழ் பெற்றார். 1998இல் அக்குழுவின் இசைத்தொகுப்பு வெளிவந்தது. எனினும், 2006இல் நட்சத்ரா குழுவினருடன் 'வல்லவன்' தொகுப்பைத் தமிழில் தந்த பின்னரே கடல்கடந்த தமிழரும் அவரை அறிந்தனர். தாய்மொழியே அவரை உயர்த்தியது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அத்தொகுப்பின் 'மடை திறந்து', 'நிழல்கள்' (1980) படத்திற்காக இளையராஜா அமைத்த பாட்டின் மறு ஆக்கம். இசையுலகில் உயரக் கனவு காணும் இளைஞனின் பாட்டு அது. படத்திலோ அக்கனவு கைகூடுவதில்லை. அம்மெட்டின் மீது தம் சொல்லை ஏற்றிய இவர்கள், 26 ஆண்டுகளுக்குப் பின் அக்கனவைத் தமதாக்கிக் கொண்டனர்.

இதன் யாப்பு நமக்கு அந்நியமன்று. அடியிறுதி ஒத்து வருவதைத் தொல்காப்பியர் இயைபு என்றார். அவர் எண்ணிய இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணமும் உருட்டு வண்ணமும் உள. விரைந்து உருளும் சொல்லிசைக்கு இவற்றினும் பொருத்தமான பெயர்களை வேறெங்குத் தேடுவது?

குறையும் உண்டு. தன்னைத்தானே வியத்தல் இக்கலையின் பிறவிக் குணம். திரையுலகம் புகுந்தபின் அது நாயகன் புகழ் பாடும் கருவியாகவும் ஆயிற்று. 'விவேகம்' (2017) படப்பாட்டு இதற்குச் சான்று. ஆனால், தாராவி மக்களின் நிலவுரிமையைப் பேசிய 'காலா' (2018) படத்திலும் இவர் குரல் ஒலித்தது. குரல் ஒன்றே, பொருள் மாறியதும் அதன் எடையும் மாறியது.

இவ்வேறுபாடு கெடா மக்களுக்கு நன்கு விளங்கும். ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்மரம் வெட்டியோரின் பிள்ளைகள் ஆலைத் தொழிலாளராயினர். லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் கோயிலையும் திருவிழாவையும் பின்னே விட்டுச் சென்றன. உறுமி மேளத்தை மட்டும் உடன் கொண்டு சென்றன. இவ்விடப்பெயர்வைப் பாடுவதற்குத் தாளமும் உண்டு, மொழியும் உண்டு. யோகி பி வழியைத் திறந்து காட்டினார். அவ்வழியே நடந்து தம் கதையைச் சொல்ல வேண்டியவர் நம் மாணவரே.

அவர்களுக்கு இயைபையும் வண்ணத்தையும் கற்பிப்பவர் நாம். அந்த ஏட்டில் அவர்கள் எழுதிவரும் வரிகளையும் ஒருமுறை வாங்கிப் படிப்போமாக.