அடுக்கா, முறைப் பாசனமா?

யூனிக்ஸ் கணிப்பொறியில் நாம் தரும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். கோப்புறைகளுக்குள் புகுந்து புகுந்து வேலை செய்பவர் திரும்பும் வழியை மறக்காதிருக்க, அதில் 'கோப்புறை அடுக்கு' என்ற வசதி உண்டு. 'புஷ்டி' என்ற கட்டளை, இருந்த இடத்தை நினைவில் வைத்துப் புதிய இடத்துக்குச் செல்லும். 'பாப்டி' பழைய இடத்துக்குத் திருப்பிக் கொணரும். (புஷ்டி என்றதும் பருப்பும் நெய்யும் நினைவுக்கு வந்தால் குற்றம் நம்முடையதன்று.)

1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய சி-ஷெல்லில் இவ்வசதி இடம்பெற்றது. இதை முதலில் அமைத்தவர், ஆஸ்திரியாவின் லாக்ஸன்பர்க் நகரிலுள்ள ஆய்வு நிறுவனமொன்றைச் சேர்ந்த ஜே. இ. கல்ப். இன்று பரவலாக வழங்கும் பாஷ் ஷெல்லிலும் இது இருக்கிறது.

இதைக் கற்பிப்போர் அனைவரும் சாப்பாட்டுத் தட்டு அடுக்கையே உவமை காட்டுகின்றனர்: கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கலாம். இந்த உவமையே பாதிப் பிழைகளுக்கு விதை என்பது என் கருத்து.

காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என நான்கு கோப்புறைகள் அடுக்கில் இருப்பதாகக் கொள்வோம். உச்சியிலுள்ள காவிரி, நினைவில் வைத்த இடமன்று. நாம் இப்போது நிற்கும் இடமே அது. ஆகவே, சாதாரண 'சிடி' கட்டளையால் மண்ணியாற்றுக்குப் போனால், உச்சியில் காவிரி இருந்த இடத்தில் மண்ணியாறு அமர்ந்துவிடும். பிறகு பாப்டி இட்டவர் காவிரியை எதிர்பார்ப்பார்; வெண்ணாற்றில் போய் நிற்பார். ஷெல் தவறவில்லை, தட்டு உவமைதான் தவறியது.

நான்கும் முதலில் இருந்தபடியே இருக்க, 'புஷ்டி +2' என்று இட்டால் இன்னும் வேடிக்கை. வரிசை வெட்டாறு, அரசலாறு, காவிரி, வெண்ணாறு என்று சுழலும். எதுவும் இழக்கப்படுவதில்லை, முறைதான் மாறுகிறது. தஞ்சை உழவருக்கு இதை விளக்கத் தட்டுகள் எதற்கு? ஆற்றுக்கு ஆறு முறை வைத்துத் தண்ணீர் விடுவதை அவர் அறிவாரே!

அடுக்கிலுள்ள ஒரு கோப்புறையை இடையில் யாரேனும் அழித்துவிட்டால், பாஷில் பாப்டி அங்கே செல்ல முடியாமல் பிழை கூறும். அடுக்கும் அப்படியே நிற்கும். எத்தனை முறை இட்டாலும் அதே பதில். 'பாப்டி +1' என்றால், நிற்கும் இடம் மாறாமல் அந்த ஒன்று மட்டும் நீங்கும். வைக்கோல் போரில் பக்கவாட்டில் ஒரு பிடி உருவுவது போன்றது இது.

இவையெல்லாம் தொல்லைகள்தாம், ஆபத்து வேறு. 'தற்காலிகக் கோப்புறைக்குப் புஷ்டி. அங்குள்ள அனைத்தையும் அழி. பாப்டி' என்று ஒரு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்கோப்புறையே இல்லையென்றால் புஷ்டி தோற்கும். ஆனால் ஷெல் நிற்காது. அடுத்த வரிக்குப் போய், நாம் நிற்கும் இடத்திலேயே அழிக்கத் தொடங்கும். அங்கே மூன்று குறுவையின் விளைச்சல் கணக்கு இருந்தால் அதுவும் போயிற்று! இறுதியில் வரும் பாப்டியோ, வேறு வேலைக்காக முன்பு வைத்த இடத்தை எடுத்துக்கொண்டு சத்தமின்றி நகர்ந்துவிடும். புஷ்டி தோற்றால் நிரல் அங்கேயே நிற்கும்படி எழுதுவதைப் பாடத்தின் முதல் பக்கத்தில் சொல்ல வேண்டாமா? பலர் கடைசியில்கூடச் சொல்வதில்லை.

அடுக்கை எண்ணிட்டுக் காட்டும் 'டர்ஸ் -வி' கட்டளையையும் அவ்வாறே ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். ஒவ்வொரு புஷ்டிக்கும் பாப்டிக்கும் பின் அதை இட்டுப் பார்த்தால், எந்த அடியில் வழி பிசகியது என்பது கண்ணுக்கே தெரியும்.