கேன் தண்ணீரும் கத்திரி வெயிலும்

மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் பல கிராமங்களில் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. கருங்கல் பூமி, ஆழம் போகப் போக உப்பு ஏறும். குழாய்த் தண்ணீரோ முறை வைத்து வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் 20 லிட்டர் கேன் வீட்டுக்குள் வந்ததை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்போக்குக்கும் மஞ்சள்காமாலைக்கும் பயந்த தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதல். 2013 செப்டம்பரில் அரசே ‘அம்மா குடிநீர்’ என்று லிட்டர் 10 ரூபாய்க்குப் பேருந்து நிலையங்களில் விற்கத் தொடங்கியது. இந்த நன்மையை ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

காரில் ஒரு நாள் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி மிகை. ஒரு லிட்டர் பாட்டில்கள் ‘பெட்’ என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதைத் தயாரிக்கும்போது வினையூக்கியாகச் சேரும் ஆன்டிமனி, சூட்டில் மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இதை அளந்தார்கள். அமெரிக்கக் குடிநீர் வரம்பைத் தாண்ட 60 டிகிரி செல்சியஸில் 176 நாள் ஆகும். 80 டிகிரியில் 2.3 நாள் போதும். மதுரையின் கத்திரி வெயிலில் ஒரு மதியம் கிடந்ததால் தண்ணீர் விஷமாகிவிடாது. கொதிக்கும் கிடங்கிலும் கடை வாசலிலும் மாதக்கணக்கில் கிடக்கும் சரக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம். வெயில் மாதக்கணக்கில் செய்வதை வெந்நீர் நாட்கணக்கில் செய்துவிடும். அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை கேனைப் பற்றித்தான். கெட்டியான கேன்களில் பல, பாலிகார்பனேட்டால் ஆனவை. அதன் மூலப்பொருள் பிஸ்பினால் ஏ. உடலுக்குள் போனால் ஹார்மோன் போல நடிக்கும். 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாள்தோறும் தாங்கக்கூடிய அதன் அளவை முன்பிருந்ததில் 20,000இல் ஒரு பங்காகக் குறைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், உணவு படும் பொருட்களில் அதற்குத் தடையே விதித்தது ஐரோப்பிய ஒன்றியம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவ்வளவு தூரம் போகவில்லை. விஞ்ஞானிகளுக்குள் வழக்கு தீரவில்லை என்பதும் உண்மை. நம் நாட்டிலோ 2015இல் வந்த தரவிதி, பால்புட்டியில் பிஸ்பினால் ஏ கூடாது என்கிறது. கைக்குழந்தைக்கு ஆகாதது கர்ப்பிணிக்கு மட்டும் ஆகுமா?

கேன் ஒருமுறைப் பொருளும் அல்ல. கழுவி, தேய்த்து, கீறல் விழ விழத் திரும்பத் திரும்ப வருகிறது. பிளாஸ்டிக் தேயத் தேயக் கசிவு கூடும். நம் வீட்டுக்கு வரும் கேனின் வயது நமக்குத் தெரியாது.

நுண்பிளாஸ்டிக் தனிக் கதை. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2.4 லட்சம் துகள்களை எண்ணினார்கள். அவற்றில் பாட்டிலின் பிளாஸ்டிக்கைவிட பாலியமைடு அதிகமாக இருந்தது. சுத்திகரிக்கும் சவ்விலிருந்தே அது உதிர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அப்படியானால் பாட்டிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இத்துகள்கள் உடலுக்கு என்ன செய்யும் என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தண்ணீர் பாக்கெட்டைத் தடை செய்தது, பாட்டிலை விட்டுவிட்டது. 2024 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைத்த குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பிரிவில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு கட்டாயம் என்றது. நல்ல முடிவுதான். ஆனால் ஆய்வாளரின் கண் ஆலைக்குள்தான் இருக்கும். தார்ப்பாய் இல்லாத குட்டியானையில் கேன்கள் வெயில் காய்ந்தபடி தெருத்தெருவாகப் போவதை யார் பார்ப்பது?

ஒவ்வொரு கேனிலும் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் தெளிவாகப் பொறிக்கப்பட வேண்டும்; வயது கடந்ததைக் கடைக்காரர் திருப்பி எடுக்க வேண்டும். மூடாத வண்டிக்கு அபராதம் வேண்டும். வீட்டில், கேன் வந்ததும் தண்ணீரை எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடலாம். இதெல்லாம் இடைக்கால ஏற்பாடு. மேலூர் நகராட்சி குழாய்த் தண்ணீரைச் சோதித்து, முடிவை மாதந்தோறும் வார்டு வார்டாக ஒட்ட வேண்டும். உப்பு எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்று தெரிந்தால்தான், கேன் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு குடும்பம் பயமில்லாமல் முடிவு செய்ய முடியும்.