கைமாறிக்கொண்டே போகும் வேலை

‘அவுட்சோர்சிங்’ என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. அயலாக்கம், புறத்திறனீட்டம் என்று சில வழங்குகின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் யாரும் இவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘யுஎஸ் பிராசஸ்’, ‘யுகே பிராசஸ்’ என்பார்கள். எந்த நாட்டாரின் வேலை என்பதை அந்தப் பேச்சு மறைப்பதில்லை. சொல்லை விட்டுச் செயலைப் பார்த்தால் விஷயம் எளிது. தன் வேலையைத் தன் ஊரில் செய்தால் செலவு அதிகம் என்று நினைக்கும் ஒருவர், குறைந்த கூலிக்குச் செய்யக்கூடிய இன்னொருவரிடம் அதைத் தள்ளிவிடுகிறார். இந்தத் தள்ளிவிடல் அம்பத்தூரோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

இத்துறை தந்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாஸ்காம் கணக்குப்படி 2023-24 நிதியாண்டில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் வருவாய் சுமார் 25,400 கோடி டாலர். வேலை பார்ப்பவர்கள் ஏறத்தாழ 54 லட்சம் பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். சரக்கு வணிகத்தில் ஆண்டுதோறும் நமக்கு விழும் பள்ளத்தின் பெரும்பகுதியை நிரப்புவது சேவை ஏற்றுமதி. அதில் முதலிடம் மென்பொருளுக்கு. என் வகுப்பறையிலும் இதன் பலனைக் கண்டிருக்கிறேன். திருநின்றவூரிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் மின்ரயில் பிடித்து வந்து, தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்கள், படிப்பு முடிந்ததும் பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போனார்கள். அப்பாவின் வட்டிக் கடனை அடைத்தார்கள். தம்பிக்குக் கட்டணம் கட்டினார்கள். வரன் பார்ப்பதை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பது பெண்ணுக்கு என்ன தரும் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் இத்துறை பற்றித் தமிழில் உரத்து எழுந்த விமர்சனம் பெரும்பாலும் ஆண்களுடையது. 2007இல் வந்த ராமின் ‘கற்றது தமிழ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் படித்தவனின் வறுமைக்கும் கணினித் துறைச் சம்பளத்துக்கும் நடுவே விழுந்த பிளவை அது துணிந்து பேசியது. தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்கு அந்நியமானதல்ல. ஆனால் உடையில் எழுதியிருந்த வாசகத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணிடம் நாயகன் அத்துமீறும் காட்சியும் அதே படத்தில் வருகிறது. உலகமயத்தின் மீதான கோபம் கடைசியில் ஒரு பெண்ணின் உடம்பில் போய் இறங்குகிறது. புதுச் சம்பளத்தை அவள் உடையில் பார்த்த கண்ணுக்கு அவள் வேலை தெரியவில்லை. வேலையைப் பார்த்திருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும்.

வேலையைப் பார்க்க அம்பத்தூர் பொருத்தமான இடம். பக்கத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. பத்தாண்டுக்குள் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. லேத்தும் பிரஸ்ஸும் ஓடிய அந்தத் தெருக்களில் பின்னாளில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் வந்தன. அவற்றை அடுத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. வெளிநாட்டு வேலை இங்கே கணினியோடு வரவில்லை, தையல் எந்திரத்தோடு வந்தது. அயல்நாட்டு பிராண்டுக்குக் காலர் தைத்த தாயும், அயல்நாட்டு வங்கிக்கு விவரம் பதிவுசெய்யும் மகளும் ஒரே எஸ்டேட்டின் இரண்டு தலைமுறைகள். மகளைப் பற்றிச் செய்தி வருகிறது, தாயைப் பற்றி வருவதில்லை. 2014இல் தமிழக அரசு தையல் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது ஆடை முதலாளிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசாணை செல்லும் என்ற தீர்ப்பு 2016இல்தான் கிடைத்தது. ஏற்றுமதி வளர்ச்சி என்ற சொல்லுக்குள் அந்தக் காத்திருப்பும் இருக்கிறது.

மகளின் வேலைக்கு வருவோம். நம்மிடம் வாங்கப்படுவது குறைந்த சம்பளம் மட்டுமல்ல, நம் இரவும்தான். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் அம்பத்தூரில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே அலுவலகம் முடியும்போது இங்கே பின்னிரவாகியிருக்கும். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாதென்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாததாக்கியது. அது சரியான தீர்ப்பு. பாதுகாப்பின் பெயரால் பெண்ணின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது. அதே தீர்ப்பு போக்குவரத்து, ஓய்வறை முதலிய நிபந்தனைகளையும் விதித்தது. இரவுக்கான உரிமை வேகமாகப் பரவியது. நிபந்தனைகள் அந்த வேகத்தில் பரவவில்லை. 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடித்துக் கிளம்பிய இளம்பெண் கொல்லப்பட்டபோது, அவள் ஏன் தனியாகப் போனாள் என்று கேட்டவர்கள் உண்டு. வாசலிலிருந்து வீடுவரையிலான தூரம் யார் பொறுப்பு என்று கேட்டிருக்க வேண்டும்.

விடியற்காலை நாலரைக்கு வண்டியிலிருந்து இறங்கும் பெண்ணுக்குக் குழந்தை இருந்தால், ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது யார்? என் முன்னாள் மாணவி ஒருத்தி சொன்னாள்: “எங்க அம்மா இல்லன்னா நான் இந்த வேலையே பாத்திருக்க முடியாது மேடம். அவங்களுக்கு முட்டிவலி வந்தா எனக்கு லீவு.” அமெரிக்க நிறுவனம் தன் வேலையை இவளிடம் தள்ளியது. இவள் தன் வீட்டுவேலையைத் தாயிடம் தள்ளினாள். தாய்க்கு முடியாதபோது பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொரு பெண் வருகிறாள். அவளுடைய பிள்ளைகளை அவளுடைய மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு கைக்கும் கூலி குறைந்துகொண்டே வந்து, கடைசிக் கையில் ஒன்றுமில்லாமல் போகிறது. முதல் கைமாற்றம் டாலரில் பில் ஆகி நாட்டின் வருமானத்தில் ஏறுகிறது. தாயின் சமையல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதில் ஆண் எங்கே? 2019இல் அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். அப்படிச் செய்த ஆண்களே நான்கில் ஒருவர்தான். வேலை பெண்ணிடமிருந்து பெண்ணுக்கே மாறுகிறது, கணவனைத் தாண்டிப் போகிறது. மென்பொருள் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில் இந்தியப் பெண்கள் வேலைச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டிருந்தார்கள். 2017-18இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருந்தவர்களும் வேலை தேடியவர்களும் சேர்ந்து 23.3 விழுக்காடுதான். பின்னர் அந்த எண் உயர்ந்தது. உயர்வில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழிலும் குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுவதும்தான். ஒரு துறை சில லட்சம் பெண்களை மேலே தூக்கியதால் மற்றப் பெண்கள் தானாக மேலே வந்துவிடவில்லை.

மேலே போனவளின் நிலையும் உறுதியானதல்ல. 2015 ஜனவரியில், ஆட்குறைப்பில் வேலை பறிக்கப்பட்ட கர்ப்பிணி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. தகவல் தொழில்நுட்ப ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமாயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாயிற்று. இவை நல்ல சட்டங்கள். ஆனால் விடுப்புச் சம்பளம் முழுவதையும் நிறுவனத்தின் தலையில் வைத்தால், குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்ணை எடுக்கவே அது தயங்கும். பேறு நாட்டுக்கு வேண்டுமென்றால் அதன் செலவில் நாடும் பங்கு கொடுக்க வேண்டும். அந்தக் காப்பகமும் அடையாள அட்டை உள்ளவளின் பிள்ளைக்கு மட்டும் என்றாகிவிடக் கூடாது. அதே மாடியில் கழிவறை கழுவும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும். நிறுவனம் தன் துப்புரவு வேலையை வேறொரு ஏஜென்சியிடம் தள்ளிவிட்டதால் அவள் அந்த நிறுவனத்தின் ஊழியராக எண்ணப்படுவதில்லை. அவளையும் கைமாற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் இனித் தரமணிக்கும் சிறுசேரிக்கும் போக வேண்டாம் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தக் கட்டடம் எத்தனை பேருக்கு வேலை தரும் என்பதோடு, சில கேள்விகளையும் கேட்டுவைப்போம். இரவு இரண்டு மணிக்கு ரயில் நிலையச் சாலையில் விளக்கும் பேருந்தும் உண்டா? காப்பகத்தில் தூய்மைப் பணியாளரின் குழந்தைக்கு இடம் உண்டா? அவர் கூலி ஏஜென்சியின் கையில் எவ்வளவு நின்றுவிடுகிறது? அங்கே வேலைக்குச் சேரும் ஆண்கள் எத்தனை பேர் தங்கள் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வருகிறார்கள்?