முகத்தைக் காட்டும் கடமை யாருடையது?

ஜப்பானில் முகக்கவசம் சட்டக் கட்டாயமாக இருந்ததே இல்லை, அரசின் வேண்டுகோள்தான். 2023 மார்ச் 13 முதல் அணிவது அவரவர் விருப்பம் என்றது அரசு. ஆனாலும் ரயில்களில் பலர் கழற்றவில்லை. இளையோர் முகக்கவசத்துக்கு வைத்த பெயர் ‘காவோ பான்ட்சு’, முகத்தின் உள்ளாடை. செய்தி ஊடகங்கள் இதை வெறும் கூச்சமாகக் காட்டின. மறந்துபோன புன்னகையைக் கற்றுத்தரும் வகுப்புகளையும் வேடிக்கைச் செய்தியாக்கின.

கூச்சம் பாதிக் கதைதான். மீதி 2019இல் இருக்கிறது. செருப்பு, வலி என்ற இரு ஜப்பானியச் சொற்களை ‘மீ டூ’வோடு இணைத்து யூமி இஷிகாவா தொடங்கிய ‘குடூ’ இயக்கம், வேலையிடத்தில் பெண்கள்மீது திணிக்கப்படும் ஹை ஹீல்ஸை எதிர்த்தது. பெண் ஊழியர்கள் மூக்குக்கண்ணாடி அணியக் கூடாதென்ற நிறுவன விதிகளும் அதே ஆண்டில் சர்ச்சையாயின. ஒப்பனையும் புன்னகையும்கூடச் சம்பளமில்லாத வேலைதான். அந்தச் சுமையை முகக்கவசம் மூன்றாண்டுகள் கொஞ்சம் குறைத்தது.

நோய்க்கு அஞ்சி அணிபவளும் உண்டு. அவளும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஏன் இன்னும் கழற்றவில்லை?’ என்று பெண்ணிடம் கேட்பதை விடுவோம். கழற்றிய முகத்தில் ஒப்பனையையும் புன்னகையையும் எதிர்பார்க்கும் முதலாளியிடம் கேள்வியைத் திருப்புவோம்.