ஒளியல்லாததைக் கழிக்கும் கலை

லேசர் கற்றையின் குவியத்தை அளக்கும் மென்பொருளில் முதலில் கண்ணில் படுவது நடுவில் சிவந்து ஓரத்தில் நீலமாக அடங்கும் வண்ணப்படம். பார்க்க அழகுதான். ஆனால் இந்த வேலையின் கைத்திறன் முழுவதும் அதன் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டிகளில் இருக்கிறது: எக்ஸ்போஷர் எவ்வளவு, பின்னணியைக் கழிப்பதா, கணக்கிடும் சட்டகம் எவ்வளவு பெரிது. கற்றைக்கு விளிம்பு கிடையாது. ஒளி மையத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகும், எங்கே முடிகிறது என்று சொல்லாது. எது ஒளி, எது வெறும் இரைச்சல் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அகலம் என்று ஒன்று உண்டாகிறது. அந்தத் தீர்ப்பின் நேர்த்தியைத்தான் நான் ரசிக்கச் சொல்கிறேன்.

1999-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 11146 தரநிலை சொல்லும் முறையில், ஒவ்வொரு பிக்சலின் ஒளி அளவையும் மையத்திலிருந்து அது விலகியிருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி அகலத்தைக் காண்கிறோம். தூரம் வர்க்கமாவதால், ஓரத்தில் கிடக்கும் அற்பத் துகளுக்கும் பெரிய குரல் கிடைத்துவிடுகிறது. 1000-க்கு 1000 பிக்சல் கேமராவின் நடுவே 100 பிக்சல் அகலமுள்ள காஸியன் கற்றை (மணி வடிவில் தேய்வது) விழுகிறது, உச்சத்தில் கேமரா காட்டும் ஒளி அளவு 200 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். பிக்சலுக்கு ஒரே ஒரு எண்ணிக்கை பின்னணி கழிபடாமல் மிஞ்சினால், 100 என்று வரவேண்டிய விடை ஏறக்குறைய 867 என்று வரும். தரநிலை சொல்வதுபோல் சட்டகத்தைக் கற்றையின் மூன்று மடங்குக்குச் சுருக்கினாலும் 146-க்குத்தான் இறங்கும். சட்டகமும் கழிப்பும் சேர்ந்தால்தான் 100. இதைவிட நுட்பமானது ஒன்றுண்டு. பின்னணியைக் கழித்தபின் சில பிக்சல்கள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். எதிர்மறை ஒளி ஏது என்று அவற்றைப் பூஜ்யமாக்கினால், மேலே துள்ளும் இரைச்சல் மட்டும் மிஞ்சி, கழித்த பின்னணி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். பொருளற்றதாகத் தோன்றும் அந்த எதிர்மறை எண்களை அப்படியே விட்டுவைப்பவரே தேர்ந்த கை.

எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டால் மென்பொருளே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பாதி பார்த்துக்கொள்ளும். கற்றை மிக ஒடுங்கும் இடையில் ஒளி கூர்மையாகவும் தள்ளிப்போனால் மங்கலாகவும் இருப்பதால், எக்ஸ்போஷரை இடத்துக்கு இடம் மாற்றுவது சரியே. ஆனால் எக்ஸ்போஷர் மாறினால் கேமராவின் இருள் அளவும் மாறும். முன்பு எடுத்த பின்னணி அதன்பின் பொருந்தாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: சட்டகத்தை மனிதர் தேர்ந்தெடுத்தால், விரும்பிய விடையை வரவழைத்துக்கொள்ளலாமே? வரவழைக்கலாம்தான். அதற்காகவே அகலத்தைக் கண்டு, அதன் மூன்று மடங்குக்குச் சட்டகத்தை மாற்றி, மீண்டும் அகலத்தைக் கண்டு, விடை அசையாமல் நிற்கும்வரை சுற்றச் சொல்கிறது தரநிலை. தொடக்கத்தில் எந்தச் சட்டகத்தை வைத்தாலும் முடிவு ஒன்றே என்றால், அங்கே அளப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லை.

அளக்கும் இடங்களைத் தேர்வதும் இதே ரசனையின் பகுதி. குறைந்தது பத்து இடங்கள். அவற்றில் பாதி இடைக்கு இருபுறமும் ஒரு ராலே நீளத்துக்குள் (இடையிலிருந்து கற்றையின் பரப்பு இரட்டிப்பாகும் தூரம் அது), மீதி இரண்டு ராலே நீளத்துக்கு அப்பால். 1070 நானோமீட்டர் ஃபைபர் லேசர் குறையில்லாக் கற்றையாக 50 மைக்ரான் புள்ளியில் குவிந்தால், ராலே நீளம் 1.8 மில்லிமீட்டர்தான். இடையின் அருகில் மட்டும் அளந்தால் கற்றை விரியும் கோணம் தெரியாது. தொலைவில் மட்டும் அளந்தால் இடையின் அளவு தெரியாது. ஸ்டான்ஃபோர்டின் ஆந்தனி சீக்மன் பரவலாக்கிய எம் ஸ்கொயர் என்னும் தர எண் இவ்விரண்டின் பெருக்கத்திலிருந்து பிறப்பது; குறையில்லாக் கற்றைக்கு அது 1. ஆகவே அறிக்கை ஒன்றில் 1.1 என்ற அருமையான எண்ணைக் கண்டால், சட்டகம், பின்னணி, எக்ஸ்போஷர், அளந்த இடங்கள் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவை இல்லாத எண்ணை நம்பி லென்ஸ் வாங்காதீர்கள்.