அறுபத்து மூன்றில் ஒன்று

ஆண்ட்மைனர் எஸ்9, 2016-இல் வந்த பிட்காயின் மைனிங் எந்திரம். உள்ளே 3 பலகைகள். பலகைக்கு 63 சில்லுகள். சித்தாள்கள் வரிசையில் சாந்துச்சட்டி கைமாறுவதுபோல, சமிக்ஞை சில்லுக்குச் சில்லு கைமாறுகிறது. ஒன்று சோர்ந்தால் வரிசையே நிற்கும்.

பழுது பார்ப்பவர் மல்டிமீட்டர் முனையை முதலில் நடுச்சில்லின் அருகே வைக்கிறார். சமிக்ஞை வந்திருந்தால் கோளாறு அப்பால், வராவிட்டால் இப்பால். பாதி, பாதியில் பாதி என்று நெருங்கினால் ஆறே தொடுகையில் இடம் அகப்படும். பிறகு வெப்பக்காற்றில் ஈயம் இளகும், பழைய சில்லு நழுவும், புதியது அமரும். சோதனைக் கருவி மீண்டும் 63 என்று எண்ணிக் காட்டும்போது மனம் நிறைகிறது.

குப்பைக்குப் போகவிருந்த பலகையை ஒரே சில்லு மாற்றி மீட்பது, நாடி பார்த்து நோயறியும் வைத்தியம்தான். அந்த விரல்களுக்கு என் வணக்கம்.