பெட்டிக்குள் யார் பேர்?

அடி அண்ணாமலை கிரிவலப் பாதையோரம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கனத்த பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். பீட்டில்ஸ் குழு 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டு மறுவெளியீடு, 2017-இல் வந்தது. நான்கு சிடி, ஒரு டிவிடி, ஒரு புளூரே, 144 பக்கப் புத்தகம். முடித்த பாட்டு மட்டுமில்லை, ஸ்டுடியோவில் ஒத்திகை பார்த்தது, பேசிக்கொண்டது எல்லாம் உள்ளே இருக்கிறது.

இதைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது.

‘விதின் யூ விதவுட் யூ’ என்ற பாட்டுக்கு தில்ரூபா, தம்புரா, தபேலா வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள். ஜார்ஜ் ஹாரிசன் அவர்களுக்கு மெட்டை வாயால் பாடிக் காட்டுவது பெட்டியில் தனியாகப் பதிவாகியிருக்கிறது. அதை நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது வருஷம் பற மோளம் அடித்தவர். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று ஒருநாள் குச்சியைக் கீழே வைத்தவர். கண்ணை மூடிக் கேட்டார்.

“வாயால சொல்லித் தரான் பாரு. நாங்களும் பசங்களுக்கு அப்பிடித்தான்டா அடி சொல்லித் தருவோம். சரி, சொல்றவன் பேரு தெரியுது. வாசிக்கிறவங்க பேரு இன்னா?”

இதுதான் விமர்சனம். நான் எழுதுவது அதற்கு விளக்கம்.

1967 அட்டையில் பாட்டு வரிகள் முழுசாக அச்சானது. முகப்பில் கூட்டமாக முகங்கள். அதில் யோகானந்தர், யுக்தேஸ்வர், லாகிரி மகாசயர், பாபாஜி என்று நாலு இந்தியச் சாமியார்களுக்கும் இடம் இருந்தது. வாசித்த நாலு பேரின் பெயருக்கு இடமில்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்று அவர்கள் பெயர் 2017-ஐ ஒட்டித்தான் பரவலாகப் பேசப்பட்டது. அதே பாட்டில் வயலின், செல்லோ வாசித்த வெள்ளைக்காரர்கள் பெயரும் அட்டையில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூலிக்கு வாசித்தவன் எந்த நிறமானாலும் கணக்கில் வரவில்லை. ஆனால் இந்தியா என்றதும் அவர்களுக்குக் கண்ணில் பட்டது சாமியார் முகம்தான்.

எங்கள் ஊருக்கும் இது புதுசில்லை. மலையைச் சுற்ற வருகிறவர்களுக்குச் சித்தர் பெயர், சாமியார் பெயர் எல்லாம் அத்துப்படி. வழியில் கேட்கும் மோளத்தை யார் அடிக்கிறார்கள் என்று எவரும் நின்று கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்த நாலு பேரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. காரணம், நாடா பத்திரமாக இருந்தது. மறுவெளியீடு என்றால் முதலில் ஒரு வெளியீடு வேணும். இளையராசா 1993-இல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் குழுவை வைத்துப் பதிவு செய்த சிம்பொனியே கடைக்கு வரவில்லை. அவ்வளவு பேர் எடுத்தவர் நாடாவுக்கே அந்த நிலை. நைனாவின் அடிக்கு நாடாவே கிடையாது. தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்களில் பறை மேடை ஏறியது. சாவு மோளம் என்று ஒதுக்கியதைக் கலகக் குரலாக்கினோம். அப்போதும் ‘பறையாட்டக் குழு’ என்று ஒரே வரியில் நோட்டீஸ் அடித்தவர்கள் நாமும்தான்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் நைனா மோளத்தைச் சூடு காட்டினார். செல்போனில் பதிவு செய்தேன். சாமி அடி, கல்யாண அடி எல்லாம் அடித்தார். சாவு அடியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “பதிவுக்கு மட்டும்” என்று அடித்தார். முடிந்ததும், “என் பேர மட்டும் போட்டுக்காத. கூட அடிச்சவங்களையும் எழுது” என்று பதினோரு பேர் சொன்னார். எட்டுப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

அந்தப் பெயர்களை இங்கே அச்சடிக்கவில்லை. அவுங்க அவுங்க வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போடணும். ரெண்டு வீட்டில் கேட்டாச்சு. இன்னும் ஒன்பது வீடு பாக்கி.